துன்னூசியும் தையற்பொறியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவில் பேசுவதற்கு எனக்குத் தலைப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை. "உங்கள் விருப்பம்" என்று செயலாளர் கூறிவிட்டார். தமிழ் கற்பிப்பவளிடம் விருப்பத்தை விட்டால் சிலம்பைப் பற்றியோ குறுந்தொகையைப் பற்றியோ பேசிவிட்டுப் போவாள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நானோ பழைய வீட்டுப் பொறிகளைப் பழுது நீக்கி மீண்டும் பயன்கொள்வதில் உள்ள ஈர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அப்பொறிகளுள்ளும் காலால் மிதித்து ஓட்டும் தையற்பொறியைப் பற்றியே மிகுதியும் பேசப் போகிறேன். கவிஞர்கள் கூடிய அவையில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். சொற்களைப் பற்றிய ஒரு செய்தி இதனுள் இருக்கிறது.

இதனைக் குருபரப்பள்ளியில் பேசுவதும் பொருத்தமே. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஒசூர்க்கும், அதற்கப்பால் பெங்களூர்க்கும் செல்லும் நெடுஞ்சாலையில் நம் ஊர் இருக்கிறது. மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் ஒரு பக்கம். தொழிற்பூங்காவின் மதில்கள் மறுபக்கம். புதிய பொருள்கள் பெட்டிகளில் அடைபட்டு இச்சாலை வழியே வெளியூர்களுக்குப் போகின்றன. பழைய பொருள்கள் தள்ளுவண்டிகளில் ஏறி இதே சாலையோரத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பொருள்களின் பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில், ஒரே பேருந்துப் பயணத்தில் காணக்கூடிய ஊர்களுள் இதுவும் ஒன்று.

பழம்பொருள் என்றதும் எழக்கூடிய ஓர் ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அம்மியில் அரைத்த துவையலின் சுவை மிக்சியில் வருமா என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் அம்மிக்கு முன் உட்கார்ந்தவர்கள் அல்லர். இலைக்கு முன் உட்கார்ந்தவர்கள். நம் பகுதியில் கேழ்வரகைத் திரித்த கல்லுக்குத் திரிகை என்று பெயர். எந்திரம் என்றும் பெயர் உண்டு. கரும்பு பிழியும் ஆலையைச் சங்கப் புலவர்கள் எந்திரம் என்றே குறித்தனர். அதே சொல் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு கல்லின் பெயராக வாழ்ந்தது. நம் பாட்டிமார் அறிந்த முதல் இயந்திரம் அதுதான்; அதனை ஓட்டிய விசையும் அவர்களே. விடியுமுன் எழுந்து அன்றைய களிக்கு மாவு திரித்த பெண்ணிடம் அக்கல்லின் அழகைப் பற்றிக் கேட்டால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை ஊகிப்பது கடினமன்று. உலக்கைப் பாட்டாகிய வள்ளையை வகுப்பறையில் விரும்பி நடத்துகிறோம். அப்பாட்டு உலக்கையின் கனத்தை மறப்பதற்குப் பிறந்தது என்பதையும் சேர்த்து நடத்த வேண்டும்.

ஆகவே பழையது என்பதாலேயே ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது. 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் மாவாட்டும் கல்லுக்கு மின்விசையைப் பூட்டினார். அதுவே இன்றைய கிரைண்டரின் தொடக்கம். அன்று பல்லாயிரம் பெண்களின் தோள்களிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாரத்தை மீண்டும் ஏற்றச் சொல்லும் பழமைப் பற்று எனக்கில்லை. கோவை கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் கற்கள் ஊத்துக்குளிப் பக்கத்தவை. அக்கல் தேய்ந்தால் இன்றும் கொத்தத்தான் வேண்டும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவி வந்தவர்களின் உளி மின்விசை வந்த பின்னும் தேவைப்பட்டது. உடலுழைப்பைக் குறைத்துத் தந்த பிறகும் கைக்கு அடங்கி நின்ற பொருள் அது. எனக்கு மதிப்புண்டாவது இத்தகைய பொருள்களிடத்தில்தான்.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியவர் காந்தியடிகள். 1924-இல் சாந்திநிகேதனத்து மாணவராக இருந்த ஜி. இராமச்சந்திரன் அவரிடம் சென்று, இயந்திரங்கள் அனைத்தையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். பிற்காலத்தில் மருத்துவர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய அதே இராமச்சந்திரன்தான். நம் உடலே ஓர் இயந்திரம். இராட்டையும் ஓர் இயந்திரம். அப்படியிருக்க அனைத்தையும் எப்படி எதிர்க்க முடியும் என்று அடிகள் விடையிறுத்தார். இயந்திரத்தின் மீதுள்ள வெறியையே தாம் எதிர்ப்பதாகக் கூறி, விதிவிலக்காக ஒரு பொருளைப் பெயர் சுட்டிச் சொன்னார். அது சிங்கர் தையற்பொறி. தம் மனைவி ஊசியும் கையுமாக ஓயாது உழல்வதைக் காணப் பொறாத கணவனின் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் கருத்து.

இந்த இடத்தில் வரலாறு சற்றுக் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐசக் மெரிட் சிங்கர் அவ்வளவு உத்தமமான இல்லறத்தார் அல்லர். பல பெண்களோடு வாழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையானவர் அவர். அடிகள் இதனை அறிந்திருந்தால் வேறு பொறியைத் தேடியிருப்பாரோ என்னவோ. ஆனால் அவர் சுட்டிய உண்மைக்கு இதனால் குறைவில்லை. அம்மாணவர் விடாமல் அடுத்த கேள்வியையும் கேட்டார்: அத்தையற்பொறிகளைச் செய்வதற்குப் பெரிய ஆலை வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? வேண்டும்தான், ஆனால் அத்தகைய ஆலைகள் நாட்டுடைமையாக இருத்தல் வேண்டும் என்றார் அடிகள். ஆலைகளுக்கு நடுவே வாழும் நாம் அடிகளின் விடையைக் காட்டிலும் அம்மாணவரின் கேள்வியைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சிங்கர் இப்பொறியை முதன்முதல் கண்டவரும் அல்லர். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் உரிமம் பெற்று, படைவீரர்களின் உடைகளைத் தைக்கப் பாரிசில் பல பொறிகளை நிறுவினார். பிழைப்புப் போகும் என்று அஞ்சிய தையற்காரர்கள் மறு ஆண்டே திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். 1846-இல் அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் ஊசியின் கண்ணை அதன் முனையருகே வைத்து, மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலுக்கு உரிமம் பெற்றார். கையூசிக்குக் கண் பின்னால். பொறியூசிக்குக் கண் முன்னால். இவ்வொரு மாற்றத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1851-இல் சிங்கர் தம் திருத்தங்களுக்கு உரிமம் பெற்றார். அவருடைய கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856-இல் தவணை முறையில் பொறி விற்கும் வழியைத் தொடங்கினார். வீட்டுக்குள் இயந்திரம் நுழைந்தது அவ்வழியேதான். கொழும்பில் சிங்கரின் கிளை 1877-இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலும் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது பரவிவிட்டது. 1930-களில் கல்கத்தாவில் உஷா பிறந்தது. நம் ஊர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அவ்வுஷாக்களே. தொழிற்சாலையில் பிறந்த பொருளுக்கு இப்படியொரு பெண்பெயர் வாய்த்ததும், அது பெண்கள் நடுவே அத்தனை காலம் வாழ்ந்ததும் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவன.

இனி என் கைப்பட அறிந்ததைச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் இச்சாலையோரத்துக் கடையொன்றில், உடைத்து உருக்கப்படுவதற்காகக் கிடந்த ஒரு மிதிபொறியைக் கண்டேன். வார்ப்பிரும்புக் கால்கள் தனியே, தலை தனியே. கடைக்காரர் அதனை எடை போட்டே விற்றார். இரும்புக்கு என்ன விலையோ அதுதான் அதற்கும். தலையின் அடித்தளத்தில் வலப்புறமாக ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்து ஒய். சிங்கர் நிறுவனம் தன் பொறிகளுக்கெல்லாம் இவ்வாறு எண் கொடுத்து ஏடு வைத்திருந்தது. அவ்வெண்ணைக் கொண்டு, அது ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்னும் ஊரில் 1920-களில் செய்யப்பட்டது என்று அறிந்துகொண்டேன். பழஞ்சுவடியின் இறுதியில் அதை எழுதியவன் பெயரையும் நாளையும் காணும்போது எழும் மகிழ்ச்சிக்கு இது சிறிதும் குறைந்ததன்று. அந்தப் பேராலை 1980-இல் மூடப்பட்டது. அவ்வூரில் ஓர் இரயில் நிலையம் மட்டும் இன்னும் சிங்கர் என்ற பெயரோடு நிற்கிறது.

பொறி அசையவில்லை. கைச்சக்கரம் இறுகிப் போயிருந்தது. கிருஷ்ணகிரியில் பழைய பொறிகளைச் செப்பம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் சென்று கேட்டேன். "வெளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் காட்டாதீங்கம்மா. மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு நாள் சும்மா வையுங்க. அது தானா விட்டுக் குடுக்கும். சக்கரத்து மேல பலத்தைக் காட்டுனா உள்ள ஏதாவது ஒடஞ்சிடும்" என்றார். மண்ணெண்ணெய் கிடைப்பதே இன்று அரிதாகிவிட்டதால் அதற்கொரு தேடல் வேண்டியிருந்தது. எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் சில சொட்டு விட்டு வைத்தேன். மூன்றாம் நாள் சக்கரம் ஒரு விரலளவு நகர்ந்தது. மாலைக்குள் முழுச்சுற்று வந்தது. அதன் இறுக்கத்துக்குக் காரணம் துரு அன்று. யாரோ எப்போதோ அன்போடு ஊற்றிய தேங்காயெண்ணெய்தான். காலப்போக்கில் அது பிசினாக உறைந்திருந்தது. பொறிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயைத் தவிர வேறெதையும் இடலாகாது என்பது அவருடைய முதற்பாடம்.

இரண்டாம் பாடம் துடைப்பதைப் பற்றியது. கறுப்பு மேனியில் இருக்கும் பொன்னிறப் பூவேலையின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று உண்டு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்குக் கரைந்து, பூவும் துணியோடு வந்துவிடும். எண்ணெய் தொட்ட மென்துணிதான் அதற்கு ஏற்றது. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கு பெரிதும் நம் நாட்டிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. ஆகவே ஸ்காட்லாந்திலிருந்து வந்த அப்பொறியின் மேற்பூச்சு நம் காட்டு மரங்களிலிருந்து சென்றதாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஊசி இறங்கும் தட்டைக் கழற்றியபோது அதன் அடியில் துணியைத் தள்ளும் பற்களுக்கிடையே பஞ்சு அடைந்து கிடந்தது. கிள்ளி எடுக்க எடுக்க அடுக்கடுக்காக வந்தது. மேலே வெள்ளை, அதன்கீழ் காக்கி, அதற்கும் கீழே ஒரு சிவப்பு, பிறகு கருநீலம். காக்கி பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டையாக இருக்கலாம். சிவப்பு யாருடைய இரவிக்கையோ. அகழ்வாராய்ச்சியாளர் மண்ணடுக்கைப் பார்ப்பது போல் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத ஒரு பெண்ணின் உழைப்பு அத்தனையும் கட்டைவிரலளவு பஞ்சாக என் உள்ளங்கையில் இருந்தது.

பிறகு தோல்வார் மாற்றினேன். அளந்து வெட்டி, இருமுனையிலும் துளையிட்டு, கம்பிக் கொக்கியால் பூட்ட வேண்டும். இரண்டு திருகுகளும் ஊசியும் பாபின் பெட்டியும் புதிதாக வேண்டியிருந்தன. நூறாண்டுப் பழைய பொறிக்கு அவை எங்கே கிடைக்கும் என்று நான் மலைத்து நிற்க, அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். லூதியானாவில் செய்தவை. இந்நாட்டுப் பொறிகள் பெரும்பாலும் சிங்கரின் பதினைந்தாம் வகையைப் பின்பற்றியவை என்பதால், இன்று வார்த்த உறுப்பு அன்று வார்த்த உடலில் ஒட்டாமல் நிற்பதில்லை. ஓர் ஆலை மூடப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பின்னரும் அதன் பொருள் உயிரோடிருக்க முடிகிறது. காரணம், அதன் அளவுகள் மறைபொருளாக வைக்கப்படவில்லை.

முதலில் நூலில்லாமல் வெற்றுத் தாளில் ஓட்டிப் பார்த்தேன். துளைகள் ஒரே சீராக விழுந்தன. அதன்பின் நூல் கோத்தேன். மிதிக்கப் பழகாதவர் கால் வைத்தால் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூலை அறுத்துவிடும். கையால் சக்கரத்தைத் தன்பால் இழுத்துத் தொடங்கிவைத்து, அதே கணத்தில் குதிகாலும் விரல்நுனியும் மாறி மாறி அழுத்த வேண்டும். யாப்பைக் கற்பிப்பவள் நான். சீரும் தளையும் காலுக்குள் இறங்குவதை அன்றுதான் உணர்ந்தேன். விரைவு நம் உடலின் விரைவாகவே இருக்கிறது. நிறுத்த நினைத்தவுடன் நிற்கிறது.

ஈர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பழைமையின் மினுக்கு அதில் ஒரு சிறு பகுதியே. கண்ணுக்குத் தெரியாதது எதுவும் அப்பொறியில் இல்லை. இழுத்தால் எது நகர்கிறது, அது எதைத் தள்ளுகிறது, நூல் எங்கே புகுந்து எங்கே வெளிவருகிறது என்பதையெல்லாம் ஒரு மாலையில் கண்டுகொள்ளலாம். பழுதானால் பழுது இருக்குமிடத்தைக் கையால் தொடலாம். வீட்டிலிருந்த மற்றப் பொறிகளை, வானொலியானாலும் மோட்டாரானாலும், திறந்து பார்க்கும் உரிமை ஆண்பிள்ளைகளுக்கே இருந்தது. தையற்பொறியை மட்டும் பெண்ணே திறந்தாள். எண்ணெயிட்டாள், ஊசி மாற்றினாள், வாரை இழுத்துக் கட்டினாள். ஊர்தோறும் எத்தனையோ பெண்கள் தம்மை அறியாமலே இயந்திர வல்லுநராக இருந்திருக்கிறார்கள். சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவாக இலவசத் தையற்பொறி வழங்கும் தமிழக அரசின் திட்டத்தில் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டோரும் மாற்றுத்திறனாளிகளும் இதனைப் பெற்றதை எண்ணும்போது, தொழிலோடு சேர்த்து வேறொன்றும் அவர்கள் கைக்குச் சென்றது என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் ஊசிக்கு நெடிய வரலாறு உண்டு. துன்னம் என்றால் தையல். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் துன்னகாரரும் இருந்தனர். புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார் போரின் விரைவுக்கு ஒரு தொழிலாளியின் ஊசியை உவமையாக்குகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னுபவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையும்! உழைப்பவன் ஒருவனுடைய ஒரு மாலை நேரத்தை இத்தனை நெருங்கி நின்று பார்த்த புலவர் உலக இலக்கியத்திலேயே அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

136-ஆம் பாட்டு வேறு வகை. துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனிடம் தம் வறுமையைச் சொல்கிறார். பலகால் தைத்துத் தைத்து உடுத்த ஆடை. அத்தையல்களின் இடுக்கிலெல்லாம் ஈரும் பேனும். அங்கே துன்னம் என்பது இல்லாமையின் அடையாளம். பழையதைச் செப்பம் செய்து பயன்படுத்துவதை விருப்பத்தோடு பேசும் நாம் இப்பாட்டை மறத்தல் கூடாது. நமக்கு அது தெரிவு; ஓடைகிழார்க்குத் தெரிவு இல்லை. ஈர்ப்பைப் பற்றிப் பேச எனக்குள்ள வசதி என் மாதச் சம்பளம் தந்தது என்பதை அறிந்தே பேசுகிறேன்.

தெரிவில்லாமல் பழம்பொருளிடம் திரும்பியவர்கள் நம் காலத்திலும் உண்டு. 1990-களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. மின்கலமும் எரிபொருளும் உள்ளே செல்லத் தடை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அவ்வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். மின்சாரம் கேளாத மிதிபொறிகளுக்கு அங்கே இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்திலும் ஒரு சிறு பாடம் நடந்தது. 2011 செப்டம்பரில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2012-இல் ஊர்ப்புறங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. பொறி வந்தது, விசை வரவில்லை என்று அன்று நகைத்தோம். மோட்டார் பொருத்திய தையற்பொறிக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்த நாள்களில், வாரைக் கழற்றி எறியாமல் வைத்திருந்தவர்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரில் பகட்டான சில உணவகங்களில் சிங்கரின் வார்ப்பிரும்புக் கால்களின் மேல் பளிங்குப் பலகை வைத்து மேசையாக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிதிபலகை அப்படியே இருக்கும். உண்பவர்கள் காலால் அதை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேலே ஒன்றும் நடக்காது. வேட்டையாடிய விலங்கின் தலையைச் சுவரில் மாட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. தையலை மறந்த தையற்பொறியைக் காட்டிலும் உலைக்குப் போன இரும்பு மேல். அது வேறொன்றாகப் பிறக்கவாவது செய்யும். ஆனால் அதே நகரத்தில் 2015 முதல், பழுதான வீட்டுப் பொருள்களோடு மக்கள் ஓரிடத்தில் கூடி, தெரிந்தவர் தெரியாதவர்க்குக் காட்டிக்கொடுத்துச் செப்பம் செய்யும் கூட்டங்களும் நடந்துவந்திருக்கின்றன. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய முறை அது.

இன்றைய பொருள்களை அப்படித் திறக்க முடிவதில்லை. பசை வைத்து ஒட்டிய மூடிகள், எந்தக் கடையிலும் கிடைக்காத திருப்புளியைக் கேட்கும் திருகுகள். "இதை ரிப்பேர் பண்றதுக்குப் புதுசு வாங்கிடலாம்" என்ற விடையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இது காலத்தின் போக்கு என்பதை நான் ஏற்பதில்லை. ஒசூரில் செய்யப்படும் பிரஷர் குக்கரைப் பாருங்கள். காஸ்கெட் தளர்ந்தால் வீட்டுப் பெண்ணே மாற்றுகிறாள். எடை தொலைந்தால் பாத்திரக்கடையில் வாங்குகிறாள். பாதுகாப்பு வால்வுக்கும் அப்படியே. முப்பதாண்டு உழைத்த குக்கர்கள் நம் வீடுகளில் உண்டு. அப்படிச் செய்ய நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதே சாலையில் சான்று இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மைய அரசின் நுகர்வோர் துறை 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அதற்கான இணைய வாயிலையும் அவ்வாண்டின் இறுதியில் திறந்தது. நல்ல தொடக்கம். உதிரி உறுப்பு கடைக்கு வரும்போதுதான் அது வீட்டை எட்டும்.

கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்திக்கு இப்போது வருகிறேன். அப்பெரியவரின் கடையில் நான் கழித்த சனிக்கிழமைகளில் பொறியைவிட மிகுதியாக அவருடைய பேச்சைக் குறித்துக்கொண்டேன். அவர் வீட்டில் தெலுங்கு, கடைக்கு வருபவர்களோடு தமிழும் கன்னடமும் உருதும். காஜா என்பது உருது வழி வந்தது. ஜேபியும் அவ்வழியே வந்தது. பொத்தான் போர்த்துகீசியர் தந்தது. பாபின் ஆங்கிலம். இத்தனைக்கும் நடுவே தமிழ் எங்கே இருக்கிறது என்றால், பொறியின் நோயைச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. தையல் விடுகிறது, நூல் கிடக்கிறது, பல் பிடிக்கவில்லை, வார் வழுக்குகிறது, ஊசி கண் தப்புகிறது. பெயர்கள் எங்கிருந்தோ வந்தன, வினைகள் நம்முடையவை. பாபினுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கித்தர வேண்டும் என்று துடிக்கும் நண்பர்களிடம் நான் வாதிடுவதில்லை. ஆனால் தையற்காரர் எவரும் வழங்காத ஒரு பெயரை ஆக்குவதைவிட, அவர் வழங்கும் வினையைக் காப்பது முந்தி நிற்க வேண்டிய பணி என்பேன்.

அவ்வினைகள் பொருளோடு போகின்றன. கல் கொத்துதல், ஈயம் பூசுதல், சாணை பிடித்தல், குடை கட்டுதல், கண் வைத்து அடைத்தல் ஆகிய இவற்றை என் வகுப்பில் கேட்டேன். அறுபது பேரில் ஈயம் பூசுதல் என்றால் என்னவென்று ஐவர்க்குத் தெரிந்திருந்தது. பித்தளைப் பாத்திரம் அவர்கள் வீட்டில் இல்லை, சொல்லும் இல்லை. திறக்க முடியாத பொருளோடு வாழும் தலைமுறைக்குப் பொருளைப் பற்றிச் சொல்ல இரண்டே வினைகள் எஞ்சும்: வாங்குதல், எறிதல். இவ்விரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் கவிதை எழுத முடியும் என்பதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு பழுதுபார்ப்பவரிடம், அவர் தையற்பொறிக்காரராகவோ கல் கொத்துபவராகவோ ஸ்டவ் ரிப்பேர் செய்பவராகவோ இருக்கலாம், சில நாள் உட்கார்ந்து அவர் வினைகளைக் குறித்து வாருங்கள். நான்கு மொழிகள் கலக்கும் இவ்வெல்லையில் அகராதியில் ஏறாத சொற்கள் மிகப் பல கிடைக்கும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். அச்சுச் செலவில் என் பங்கைத் தருகிறேன்.

காலம் குறைவு என்பதால் இதனை வற்புறுத்துகிறேன். நான் சொன்ன பெரியவரின் மகன் ஆலைக்குப் போகிறார்; நல்ல சம்பளம்; தந்தைக்கும் அதில் மகிழ்ச்சியே. கடையை அடுத்து எடுப்பார் இல்லை. இவ்வாண்டு தொடக்கத்திலிருந்து என் மாணவியர் இருவர் சனிக்கிழமைதோறும் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். முதல் மாதம் தகர டப்பாவிலுள்ள திருகுகளைப் பிரித்து வைக்கும் வேலையைத்தான் அவர் கொடுத்தாராம். இப்போது ஒருத்தியிடம் இறுகிப்போன ஓர் உஷாவை ஒப்படைத்திருக்கிறார். மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிறாள். சக்கரம் இன்னும் நகரவில்லை. சனிக்கிழமை வரை தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.